அவளை அழ விடுங்க

கையை எடுங்கண்ணே. பாப்பா வாயிலருந்து கையை எடுங்க. மூச்சு முட்டுது அவளுக்கு. மூக்கு வேற ஒழுகி அடைச்சுப் போயிருக்கு, நீங்க பாக்கலியா? ம், இப்ப அழட்டும். யாரு பாத்தா என்ன? இது குழந்தைங்க வார்டு. இங்க அழாம பின்ன தியேட்டர்ல போயா அழுவாங்க.

நானா? நான் யாரும் இல்ல. நர்ஸ் இல்ல, ஆயா இல்ல. என் தம்பி பக்கத்து ரூம்ல இருக்கான். அந்தப் பச்சைக் கதவு இருக்கு பாருங்க, அங்க. கையில கட்டு மாத்துறாங்க. முடியற வரைக்கும் நான் இந்த பெஞ்சுலதான். நீங்களும் இந்த பெஞ்சுலதான், ஏன்னா இன்னொரு பெஞ்சுக்குக் கால் உடைஞ்சு தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதனால நான் பேசறதை நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

எத்தனை தடவை குத்துனாங்க? ரெண்டா. ரெண்டும் ஒரே கையிலயா? எங்க காட்டு பாப்பா. மாட்டியா? சரி, காட்டாதே. நான் தொட மாட்டேன். உன் கை, நீயே வச்சுக்கோ.

யாரு குத்துனது, கண்ணாடி போட்ட அந்தப் பயிற்சி டாக்டரா? நினைச்சேன். கட்டிலுக்கு அடியில உருண்டு போன காசைத் துழாவற மாதிரி உள்ள விட்டுத் தேடுவாரு. கெட்டவரு இல்லண்ணே, கைக்கு இன்னும் பழகல, அவ்ளோதான். ஒரே ஆளு ரெண்டு தடவைக்கு மேல குத்தக்கூடாது, வேற ஆளைக் கூப்பிடணும். அது இங்க இருக்கற வழக்கம்தான். ஆனா நீங்க வாயைத் திறந்து கேட்டாத்தான் அவங்களுக்கு ஞாபகம் வரும். கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. நீங்க காலைப் பிடிச்சிட்டு இருந்தீங்க. ஒருத்தங்க தோளு, ஒருத்தங்க கை, நீங்க காலு. கோழியை அமுக்கற மாதிரி. கதவு பாதி திறந்துதான இருந்துச்சு, குத்துனது தெரியல, அமுக்குனது தெரிஞ்சுச்சு.

கோபப்படாதீங்க. கோபப்பட்டாலும் பரவாயில்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. கையில கிரீம் போட்டாங்களா? வெள்ளையா இருக்கும், மரத்துப் போறதுக்குப் போடுவாங்க. போடலியா? ரெண்டு குத்து குத்திட்டு கிரீம் போடலியா? இருங்க.

சிஸ்டர். சிஸ்டர், இந்தப் பாப்பாவுக்கு மரக்கிற கிரீம் போடலியாம். தெரியும் சிஸ்டர், ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் பாப்பாவுக்கு இப்பவே மருந்து ஏத்தியாகணும்னு டாக்டர் சொன்னாரா? இல்லைல்ல? சளிக்குப் போடற மருந்துதான? காய்ச்சலுக்கு மாத்திரை ஏற்கனவே உள்ள போயிருக்கு, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது. நான் டாக்டர் இல்லதான். நீங்க வேணா கேட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டேன்.

போறாங்க பாத்தீங்களா. முனகிட்டேதான் போவாங்க, ஆனா எடுத்துட்டு வந்துடுவாங்க. பெரிய சிஸ்டர். மனசு தங்கம், வாய் மட்டும் எண்ணெயில போட்ட கடுகு. சின்ன நர்ஸுங்க எல்லாம் இவங்க வர்ற செருப்புச் சத்தத்துக்கே நிமிர்ந்து உக்காருவாங்க. அந்த கிரீம் இவங்க அலமாரியிலதான் இருக்கு. பூட்டி இல்ல, மறைச்சு வைக்கல. எல்லாருக்கும் அவசரம், ஒரு மணி நேரம் யாரு காத்துட்டு இருக்கறதுன்னு விட்டுடுவாங்க. அப்புறம் அந்த ஒரு மணி நேரத்தையும் குழந்தையை அமுக்கிப் பிடிக்கிறதுலயே கழிப்பாங்க.

வந்துட்டாங்க. டாக்டர் சரின்னாரா? நான் சொன்னேன்ல.

பாப்பா, இங்க பாரு. இது குத்தறது இல்ல. கிரீம். பல்லு விளக்கற பேஸ்ட் மாதிரி இருக்கா? கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. தேய்க்க மாட்டாங்க, அப்படியே குட்டி மலை மாதிரி வச்சு, மேல கண்ணாடித் தாளு ஒட்டுவாங்க. நக்கக்கூடாது. உங்கப்பா நக்குனாலும் அடி குடு. சிரிக்கிறா பாருங்க. மூக்கொழுகிட்டே சிரிக்கிறா.

சிஸ்டர், அந்த ஓரத்துல குமிழி இருக்கு, இழுத்து ஒட்டுங்க. சரி சரி, எனக்கென்ன தெரியும், நீங்களே ஒட்டுங்க. திட்டிட்டே போறாங்க.

இல்லண்ணே, நிஜமாவே எனக்கு இது வேலை. மொபைல் கடையில கிளாஸ் ஒட்டறேன். போன் கிளாஸ். குடுங்க உங்க போனை. ஐயே, யாரு ஒட்டுனது இதை? மூலையில பாருங்க, முட்டை முட்டையா நிக்குது காத்து. காசு குடுத்தா ஒட்டுனீங்க? ஓனரு எனக்கு முதல் நாளே சொன்னாரு, கிளாஸுக்கு அடியில ஒரு குமிழி நின்னா அன்னைக்குச் சம்பளத்துல கை வைப்பேன்னு. அதனால எனக்குக் கண்ணு அப்படியே பழகிடுச்சு. பஸ்ல எதிர்ல நிக்கற ஆளோட போன்ல குமிழி இருந்தாக்கூட எனக்கு உறுத்தும். பிடுங்கி ஒட்டிக் குடுத்துடலாமான்னு தோணும்.

படிக்கலியான்னு கேக்கறீங்க. பத்தாவது பாதியில விட்டுட்டேன். ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, சும்மா தம்பிக்காகன்னு சொன்னா எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்வாங்க. பொய். தம்பிக்கு உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். பிடிக்கல. உக்காந்த எடத்துலயே உக்காந்து எவனோ எழுதுனதைத் திருப்பி எழுதச் சொன்னா எனக்கு எரிச்சலா வரும். அவ்ளோதான். அப்புறம் அவனுக்கு முடியாம போச்சு. வீட்டுல சும்மா இருக்கறவ யாரு, இவதானன்னு என்னை இங்க உக்கார வச்சுட்டாங்க. அம்மா தையல் கம்பெனில. லீவு போட்டா அந்த மெஷின்ல வேற ஆளை உக்கார வச்சுடுவாங்க. அப்பா லாரி. எந்த ஊர்ல இருக்காருன்னு அவருக்கே சில நேரம் தெரியாது. கடைக்குச் சாயங்காலம் போறேன், அம்மா வந்ததும்.

தம்பிக்கு ஏழு வயசு. ரத்தத்துல வியாதி. பேரைச் சொன்னா மூஞ்சி மாறிடும், அதான் நான் யாருகிட்டயும் பேரைச் சொல்றதில்ல. பாத்தீங்களா, சொல்லாமயே மாறிடுச்சு. உங்க பாப்பாவுக்கு அதெல்லாம் இல்லண்ணே. நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நாலஞ்சு நாள் ஊசி வழியா மருந்து போகும், வீட்டுக்குப் போயிடுவீங்க. இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். வீட்டுக்குப் போறப்ப ஆயாவுக்கு பிஸ்கட் பாக்கெட் குடுத்துட்டுப் போவாங்க. நாங்க போகல இன்னும்.

கட்டு எதுக்கா? அது இருக்கட்டும். நான் சொல்ல வந்ததை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடுவேன்.

ஊசி போட மாட்டாங்க, டாக்டரைச் சும்மா பாத்துட்டு வந்துடலாம்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தீங்க? தெரியும், எல்லா அப்பாவும் அதான் சொல்றாங்க. உள்ள போன உடனே எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்னு சொன்னீங்க. எந்த எறும்புண்ணே அப்படிக் கடிக்கும்? அவ இனிமே உங்களை நம்ப மாட்டா. அடுத்த தடவை எறும்பைப் பாத்தாலும் கத்துவா. வலிக்கும்னு சொல்லுங்க. கொஞ்சம் வலிக்கும், நான் எண்ணிட்டே இருப்பேன், நான் உன்னைப் பிடிச்சிருப்பேன், அப்புறம் போயிடும். அவ்ளோ போதும். குழந்தைங்க கணக்கா இருப்பாங்க. சொன்னது நடந்தா விட்டுடுவாங்க. சொல்லாதது நடந்தாத்தான் ஊரைக் கூட்டுவாங்க.

அப்புறம், படுக்கப் போடாதீங்க. படுக்க வச்சு நாலு பேரு மேல குனிஞ்சா நமக்கே குலை நடுங்கும். உங்க மடியில உங்களைப் பாத்து உக்கார வையுங்க, நெஞ்சோட நெஞ்சு. காலு ரெண்டும் உங்க இடுப்பைச் சுத்தி. ஒரு கையை மட்டும் உங்க கக்கத்து வழியா பின்னாடி நீட்டிக் குடுங்க. சிஸ்டர் உங்க முதுகுக்குப் பின்னாடி அவங்க வேலையைப் பாப்பாங்க. உங்களுக்கும் ஊசி தெரியாது, அவளுக்கும் தெரியாது. பாக்கணும்னு சொல்லுதா சில குழந்தை, அப்ப பாக்கட்டும். எந்தக் கைன்னு அவளையே கேளுங்க. ரெண்டுல எதுன்னு மட்டும். போடலாமா வேணாமான்னு கேக்காதீங்க, வேணாம்னுடுவா, அப்புறம் கேட்டுட்டு ஏமாத்துன மாதிரி ஆயிடும். ஒருத்தர் மட்டும் பேசுங்க. நர்ஸு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம் பாரு பாரு காக்கா பாருன்னு கத்துனா சந்தைக்கடை மாதிரி ஆயிடும். கையை முன்னாடியே சுடுதண்ணித் துணியில கொஞ்ச நேரம் சுத்தி வச்சா நரம்பு எழும்பும். அது கிரீமை எடுத்ததுக்கு அப்புறம். சிஸ்டர்கிட்ட கேட்டுட்டே பண்ணுங்க, நான் சொன்னேன்னு கொதிக்கிற தண்ணியில முக்கிடாதீங்க.

இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னா, பெரிய சிஸ்டர் பாதி. மீதி அடிபட்டுக் கத்துக்கிட்டதுதான். என் தம்பியை முதல் மாசம் பாத்திருக்கணும் நீங்க. ஒரு நர்ஸைக் கடிச்சான். அந்தப் பயிற்சி டாக்டர் கண்ணாடியை உடைச்சான், இப்ப போட்டிருக்கறது புதுசு. இந்த வராந்தா முழுக்க இவன் சத்தம்தான் கேக்கும். பக்கத்து வார்டுல இருந்து ஒரு கிழவரு வந்து, எந்தப் பிள்ளையை அறுக்கறீங்கன்னு சண்டைக்கே நின்னாரு. எனக்கு வெக்கமா இருக்கும். உங்களை மாதிரிதான், நானும் அவன் வாயைப் பொத்தியிருக்கேன்.

தூங்கிட்டாளா? நல்லது. தலையைக் கொஞ்சம் நிமித்தி வையுங்க, சளி அடைக்கும். கை ரெண்டும் வெளிய இருக்கட்டும், அந்தத் தாளு கழண்டுடும். இப்ப மெதுவா பேசறேன்.

வரும்போது அவகிட்ட இன்னொண்ணு சொன்னீங்கல்ல. காதுல விழுந்துச்சு. அழாம இருந்தா பொம்மை வாங்கித் தரேன்னீங்க. எந்த பொம்மை? முடி நீளமா இருக்குமே, அதுவா? வாங்கிக் குடுங்க. ஆனா அழுதாலும் வாங்கிக் குடுங்க. கத்தி, புரண்டு, சிஸ்டர் மேல வாந்தி எடுத்தாலும் வாங்கிக் குடுங்க. அழாததுக்கு எதையும் குடுக்காதீங்க. ஒரு மிட்டாய் கூட.

ஏன்னு கேக்கறீங்க. அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

ஒரு நாள் அப்பா வந்திருந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு வந்தாரு, லாரியை ரோட்டுலயே நிறுத்திட்டு, கிரீஸ் கையோட. இவனுக்கு அப்ப ஊசி மாத்தற நேரம். அப்பா ஒண்ணும் பெருசா சொல்லல. ஆம்பளப் பிள்ளை நீ, லாரிக்காரன் மகன், அழலாமாடான்னாரு. அவ்ளோதான். அன்னைக்கு அவன் அழல. உதட்டைக் கடிச்சுட்டு அப்பா மூஞ்சியையே பாத்துட்டு இருந்தான். கண்ணுல தண்ணி நிக்குது, விழல. அப்பா நிமிர்ந்து நின்னு அவனுக்கு ஒரு சல்யூட் அடிச்சாரு. பெரிய சிஸ்டர் கை தட்டுனாங்க. ஆயா விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டுத் தட்டுச்சு. நான் தட்டலைன்னா நினைக்கிறீங்க? நான்தான் விசில் அடிச்சேன்.

அன்னையிலருந்து அவன் பேரு கல்லு. எங்க கல்லு வந்துட்டான், கல்லுக்கு ஊசின்னா தூசு, அப்படி. டாக்டரே ரவுண்ட்ஸ் வரும்போது எங்க நம்ம கல்லுன்னுதான் கேப்பாரு. அவனும் அதுக்கு ஏத்த மாதிரி நடக்க ஆரம்பிச்சுட்டான். நெஞ்சை நிமித்திட்டு, அந்த டிரிப் கம்பியைத் தள்ளிட்டே, ஏதோ ஏரியா தாதா மாதிரி. முடியெல்லாம் கொட்டிப் போச்சு, எலும்பும் தோலுமா இருக்கான், இடுப்புல நிக்காத டவுசரை ஒரு கையில பிடிச்சிருக்கான், ஆனா நடை மட்டும் தாதா நடை. பாத்தா சிரிப்பு வரும். எங்களுக்கும் வேலை சுலபமாச்சு. அமுக்கிப் பிடிக்க வேணாம், கெஞ்ச வேணாம், கை நீட்டுன்னா நீட்டுவான். எனக்கு எவ்ளோ நிம்மதின்னா, கிரீம் வேணுமாடான்னு கேப்பேன், வேணாம்பான், சரின்னு நானும் விட்டுடுவேன். ஒரு மணி நேரம் மிச்சம்ல.

அதோட நிக்கல. புதுசா யாராச்சும் அழற பிள்ளை வந்துச்சுன்னா இவனைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. கல்லு, இங்க வாடா, இந்தத் தம்பிக்கு உன் கையைக் காட்டுடா. இவனும் போய்ப் பக்கத்துல உக்காந்து ஊசி குத்துன எடத்தை எல்லாம் காட்டுவான். இதுக்கும் அழல, இதுக்கும் அழல, இது ரெண்டு தடவை குத்துனாங்க, அதுக்கும் அழலன்னு. பாரு, அண்ணன் எப்படி இருக்கான் பாருன்னு அந்த அம்மாக்களும் சொல்வாங்க. அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துட்டு இவனையே பாக்கும். அவனுக்கு வேலை குடுத்த மாதிரி ஆயிடுச்சுண்ணே. நான் கடைக்குப் போறேன்ல, அந்த மாதிரி அவன் இதுக்குப் போவான். என்னை விட ஒழுங்கா.

யாரும் கெட்டது நினைச்சுப் பண்ணல. நீங்க அப்படிப் பாக்காதீங்க. எல்லாருக்கும் அவன் மேல உசுரு.

கட்டு எதுக்குன்னு கேட்டீங்கல்ல. அவனுக்குப் போடற மருந்துல ஒண்ணு இருக்கு. சிவப்பா இருக்கும், ரோஸ்மில்க் மாதிரி. அது நரம்புக்குள்ள போனா மருந்து. நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளிய போனா நெருப்பு. சதையைத் தின்னுடும். உங்க பாப்பாவுக்குப் போடறது அது இல்லண்ணே, பயப்படாதீங்க, நிறம் வேற, மருந்து வேற. அதனால அந்தச் சிவப்பைப் போடும்போது மட்டும் பெரிய சிஸ்டரே வருவாங்க, பக்கத்துலயே நிப்பாங்க, ஊசி இருக்கற எடத்தையே பாத்துட்டு இருப்பாங்க.

கை இப்படி ஆன அன்னைக்கும் நின்னாங்க. அன்னைக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு புதுப் பையன். நாலு வயசு இருக்கும். உங்க பாப்பா மாதிரியே தொண்டை. காலையிலருந்து கத்திட்டே இருந்தான். அவனுக்குச் சமாதானம் சொல்லணும்ல, வழக்கம் போல, அந்த அண்ணனைப் பாரு, கல்லு அண்ணனைப் பாருன்னு அவங்கம்மா அவன் மூஞ்சியை எங்க பக்கம் திருப்பி விட்டாங்க. அவன் கொஞ்சம் அடங்கி இவனையே பாத்தான். இவனுக்குச் சிவப்பு மருந்து போய்ட்டிருக்கு. திடீர்னு அந்தப் புதுப் பையன் தன் கையில இருந்த டியூபைத் தானே பிடுங்கிட்டான். ரத்தம். அவங்கம்மா போட்ட கூச்சல்ல பெரிய சிஸ்டர் ஓடுனாங்க. என்ன பண்ணுவாங்க? ரத்தம் ஊத்துது, ஒரு பிள்ளை அலறுது. இந்தப் பக்கம் கல்லு, சத்தமே இல்ல. நீங்களா இருந்தாலும் அங்கதான் ஓடுவீங்க. நான் ஓடி ஒரு துணி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்.

வந்து பழையபடி பக்கத்துல உக்காந்தேன். போன்ல அவனுக்கு அந்தப் பூனை வீடியோ ஓடுது. ஒரு குண்டுப் பூனை சோபாவுல ஏறப் பாத்து வழுக்கி விழும், நூறு தடவை பாத்திருக்கான், நூறு தடவையும் சிரிப்பான். துண்டை எடுத்துக் கை மேல போட்டிருந்தான். குளிருதாடான்னேன். ஆமான்னான். பூனை விழுந்துச்சு. அவன் சிரிக்கல.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நெட்டு நின்னு போச்சோன்னு நினைச்சேன். போனை வாங்கித் தட்டிப் பாத்தேன்.

பஸ்ல போற எவன் போன்லயோ இருக்கற குமிழி எனக்குத் தெரியும்ணே. அது, என் தம்பி தோலுக்கு அடியில, துண்டுக்குக் கீழ, என் முழங்கைக்குப் பக்கத்துல ஊதிட்டு இருந்துச்சு.

சிஸ்டர் திரும்பி வந்து துண்டை எடுத்தாங்க. திட்டுவாங்களே தவிர அவங்க அலறி நான் பாத்ததே இல்ல, அன்னைக்கு அலறுனாங்க. உடனே நிறுத்தி, உறிஞ்சி எடுத்து, டாக்டர் ஓடி வந்து, மாத்து மருந்து போட்டு, என்னென்னமோ பண்ணாங்க. கை பன் மாதிரி வீங்கிப் போச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு கொப்புளம். அப்புறம் கறுத்துச்சு. இப்ப உள்ள அந்தக் கறுத்ததைத்தான் எடுத்து எடுத்துச் சுத்தம் பண்றாங்க. வலி தெரியாம இருக்க ஒரு மருந்து குடுத்திருக்காங்க, அது எவ்ளோ தெரியாம இருக்கும்னு எனக்குத் தெரியல. தொடையிலருந்து தோலை எடுத்து ஒட்டணும்ங்கறாங்க. ரெண்டு விரலு மடங்க மாட்டேங்குது. சோத்துக் கை.

விரலு போனாப் போகுதுண்ணே. இடது கையில சாப்பிட்டுப்பான். அந்தச் சிவப்பு மருந்தை நிறுத்தி வச்சிருக்காங்க, புண்ணு ஆறுற வரைக்கும். நாங்க நிறுத்தி வச்சோம்னு அந்த வியாதிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு அது வேலையைப் பாத்துட்டுதான இருக்கும். டாக்டர் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்றாரு. முன்னாடி எல்லாம் அவரு என்னைப் பாத்துப் பேசுவாரு. இப்ப அந்தக் காகிதத்தைப் பாத்துப் பேசறாரு.

நான் கேட்டேன் அவன்கிட்ட. ஏன்டா எருமை, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, ஏன்டா சொல்லலன்னு. திட்டித்தான் கேட்டேன், எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது. அந்தக் குட்டிப் பையன் என்னையே பாத்துட்டு இருந்தான்க்கா, அப்படின்னான். அவ்ளோதான் சொன்னான். அப்புறம் திரும்பிப் படுத்துட்டான்.

நான் ஏன் உள்ள போய் அவன் கூட இருக்கலன்னு நினைக்கிறீங்கல்ல. உங்களை மட்டும் உள்ள போ, மடியில வைன்னு சொல்லிட்டு இவ இங்க பெஞ்சைத் தேய்க்கிறாளேன்னு. முதல் நாளு போனேன். நான் அழுதுட்டேன். மறுநாள்லருந்து, நீ வெளிய இரு அக்கா, நீ அழுவேன்னு அனுப்பிடறான்.

உங்க பொண்ணு கத்துனது கேட்டுக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு. உங்களுக்கு அது காதுல ஈயத்தை ஊத்துன மாதிரி இருந்துச்சு, அதான் வாயைப் பொத்துனீங்க. அந்தப் பச்சைக் கதவுல காதை வச்சுக் கேளுங்க. பரவாயில்ல, போய்க் கேளுங்க. நான் வந்ததுலருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். கிண்ணத்துல கத்தரி வைக்கிற சத்தம் கேக்கும். குழாய்ல தண்ணி விடற சத்தம் கேக்கும். சிஸ்டர் பேசறது கேக்கும். அவ்ளோதான் கேக்கும்.

கூப்பிடறாங்க உங்களை. பேசிட்டே ஒரு மணி நேரம் போயிடுச்சு, கிரீம் வேலை செஞ்சிருக்கும் இப்ப. பாப்பா, எந்திரி. எந்திரிடா. இங்க பாரு, தாளை எடுக்கப் போறாங்க. உள்ள போய் அப்பா மடியில உக்காரணும், ஊசி ஒண்ணு குத்துவாங்க, முன்னாடி மாதிரி இருக்காது, ஆனா கொஞ்சம் இருக்கும். எந்தக் கைன்னு நீ சொல்லு. இதுவா? சரி, இது. வலிச்சா என்ன பண்ணுவ? கத்து. எவ்ளோ சத்தமா? எங்க, இப்ப ஒண்ணு கத்திக் காட்டு. அவ்ளோதானா? இன்னும். ஆங். இந்தச் சத்தம் போதும்.

சிஸ்டர், நான்தான் கத்தச் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.

போங்கண்ணே. இந்தத் தடவை வேற சிஸ்டர்தான் குத்தறாங்க, கேட்டுட்டேன். நெஞ்சோட நெஞ்சு, ஞாபகம் இருக்குல்ல? அப்புறம் மருந்து ஏறும்போது கை வீங்குதான்னு நீங்களே பாருங்க, அவ சொல்வான்னு இருக்காதீங்க.

ஏன் இன்னும் நிக்கறீங்க?

அவன்கிட்ட யாரும் முன்னாடியே சொல்லி வைக்கலியான்னா கேக்கறீங்க? சொல்லாம இருப்பாங்களா. ஒவ்வொரு தடவையும் சொல்றதுதான். அன்னைக்கும் சிஸ்டர் மருந்தைத் திறந்து விடறதுக்கு முன்னாடி குனிஞ்சு, அவன் மூஞ்சிக்கு நேரா, லேசா எரிஞ்சாக்கூட உடனே கத்தணும் ராஜா, ஊரே கேக்கற மாதிரி கத்தணும், சரியான்னாங்க. கேட்டுச்சாடான்னு நானும் முதுகுல தட்டிக் கேட்டேன். தலையை ஆட்டுனான்.

கத்தல.